ஒரே சூரியனும் பெயரில்லாத குழிகளும்: அகெனாதென் காலத்து வழிபாட்டு மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

ஏறக்குறைய 3,370 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தை ஆண்ட அகெனாதென் என்ற மன்னர், நாட்டின் பழைய தெய்வங்களை ஓரங்கட்டிவிட்டு, வானில் தெரியும் சூரிய வட்டத்தை மட்டுமே கடவுளாக நிறுத்தினார். அதற்காகப் புதுத் தலைநகரமே கட்டினார். 17 ஆண்டுகள் ஆண்டு இறந்தார். அவர் போன சில ஆண்டுகளில் பழைய தெய்வங்கள் திரும்பி வந்துவிட்டன.

இதை வழக்கமாக மன்னரின் பக்கம் நின்றுதான் சொல்வார்கள். அவர் ஞானியா, வெறியரா, உலகின் முதல் ஒரு கடவுள் கொள்கையாளரா என்று விவாதம் நீளும். அந்த விவாதத்தில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் இங்கே பதிவு செய்ய நினைப்பது, மேலிருந்து வந்த இந்த மாற்றம் கல் சுமந்தவர்களிடமும், தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களிடமும், கோயிலில் கணக்கெழுதிப் பிழைத்தவர்களிடமும் வந்து சேர்ந்தபோது என்ன ஆனது என்பதை. இவர்களில் பெரும்பாலோர் பெயரைக் காலம் காப்பாற்றவில்லை. தெரிந்த ஓரிரு பெயர்களையும் நான் விட்டுவிடுகிறேன். மன்னர்களின் பெயர்கள் மட்டும் இருக்கட்டும், காலத்தைப் பிடித்துக்கொள்ள அவை தேவை.

பின்னணி

மன்னரின் தந்தை மூன்றாம் ஆமென்ஹோதெப் 38 ஆண்டுகள் அளவுக்கு ஆண்டவர். எகிப்து அப்போது செல்வத்தின் உச்சியில் இருந்தது. தெற்கே தீப்ஸ் நகரில், இன்றைய லக்சரில், ஆமுன் தெய்வத்தின் கர்னக் கோயில் நிலமும் தானியக் களஞ்சியமும் கால்நடையும் பணியாளர்களுமாக ஒரு பெரும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. மன்னர்கள் போரில் வென்ற பொருளில் பெரும்பங்கு ஆமுனுக்குப் போனது.

சாதாரண ஆள் கர்னக்கின் கருவறைக்குள் போக முடியாது. அதனால் தெய்வம் வெளியே வந்தது. ஓபெத் திருவிழாவில் ஆமுனின் திருமேனியைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்து, பூசகர்கள் தோளில் சுமந்து லக்சர் கோயில் வரை கொண்டுபோவார்கள். முந்தைய மன்னர் மூன்றாம் துத்மோஸ் காலத்திலேயே அது 11 நாள் விழா. வழியெங்கும் கூட்டம், இசை, ரொட்டி, பீர். தன் குறையைத் தெய்வத்திடம் சொல்ல ஒரு ஏழைக்கு இருந்த வழி இந்த உலாதான்.

வீட்டுக்குள் வேறு தெய்வங்கள். குள்ள உருவமும் சிங்கப் பிடரியும் நீட்டிய நாக்குமாக பெஸ், நீர்யானை உடலோடு கர்ப்பிணி வயிறு தள்ளிய தவெரெத். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் தூக்கத்துக்கும் இவர்கள் காவல். இறந்த பிறகு ஒசிரிஸ் இருந்தார். அவரே இறந்து மீண்டவர் என்பதால், மரணத்துக்குப் பின் தனக்கும் ஒரு இடம் உண்டு என்று நம்ப அவர் கதை போதும்.

ஆதென் என்ற சொல் புதிதல்ல, சூரிய வட்டத்துக்குப் பழைய பெயர் அது. மூன்றாம் ஆமென்ஹோதெப்பின் அரசப் படகுக்கே ‘ஒளிரும் ஆதென்’ என்று பெயர். மகன் ஒன்றுமில்லாததிலிருந்து எதையும் உருவாக்கவில்லை. இருந்த ஒன்றை எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்காகக் கழித்தார்.

முதல் நான்கு ஆண்டுகள்

சுமார் கி.மு. 1353இல் நான்காம் ஆமென்ஹோதெப் என்ற பெயரில் அவர் பட்டத்துக்கு வந்தார். ‘ஆமுன் நிறைவடைந்தார்’ என்பது அந்தப் பெயரின் பொருள். தொடக்கத்தில் ஆதெனைப் பருந்துத் தலை கொண்ட மனித உருவிலேயே செதுக்கினார்கள். விரைவில் அந்த உருவம் போய்விட்டது. ஒரு வட்டம், அதிலிருந்து இறங்கும் கதிர்கள், ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு கை. உயிரின் சின்னத்தை அந்தக் கைகள் மன்னர், அரசி நெஃபர்டிட்டி ஆகியோரின் மூக்கருகே நீட்டும். வேறு யார் மூக்குக்கும் அவை நீளவில்லை. இந்தச் சிறு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்னக்கின் கிழக்கே ஆதெனுக்குப் புதுக் கோயில்கள் எழுந்தன. கூரை கிடையாது, வெயில் நேராக விழவேண்டும். பழைய கோயில்களில் போகப் போக இருட்டும், இங்கே இருட்டு என்பதே இல்லை. கட்டும் முறையும் மாறியது. ஏறக்குறைய 52 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் கொண்ட சிறு கற்களை வெட்டினார்கள். தலதாத் என்று இன்று அழைக்கப்படும் இந்தக் கல்லை ஒரே ஆள் தூக்க முடியும். பெரிய கல்லை இழுக்கப் பலர் சேர வேண்டும், வேலை மெதுவாக நடக்கும். சிறு கல் என்றால் ஆளுக்கொன்று முதுகில் ஏற்றலாம். வேகம் வந்தது. அந்த வேகம் யார் முதுகில் வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்தாம் ஆண்டின் முடிவு

ஐந்தாம் ஆட்சியாண்டில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆமுன் என்ற சொல் இருந்த தன் பெயரை மன்னர் உதறி, ‘ஆதெனுக்குப் பயன்படுபவர்’ என்று பொருள்படும் அகெனாதென் என்ற பெயரைச் சூடினார். தலைநகரையும் மாற்றினார்.

தேர்ந்த இடம் வடக்கே இருந்த பழைய தலைநகர் மெம்பிஸுக்கும் தெற்கே தீப்ஸுக்கும் நடுவாந்தரமாக, நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு வெற்றுப் பாலை. இன்று அமர்னா என்கிறோம். கிழக்கு மலைத்தொடரில் ஓர் இடைவெளி உண்டு, அதன் வழியாகச் சூரியன் எழும். எகிப்திய எழுத்தில் ‘அடிவானம்’ என்ற சொல்லை எழுதும் குறி அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். நகரத்துக்கு அகெதாதென், ‘ஆதெனின் அடிவானம்’ என்று பெயர் வைத்தார்கள்.

சுற்றியுள்ள பாறைகளில் எல்லைக் கல்வெட்டுகளை வெட்டினார்கள். மன்னரின் காரணங்களை அவர் வாயிலாகவே கேட்க இவைதான் சிறந்த சான்று. இந்த நிலம் எந்தத் தெய்வத்துக்கும், எந்த மன்னருக்கும் சொந்தமாக இருந்ததில்லை என்கிறார். நகரை வேறெங்கும் கட்டமாட்டேன், ‘வேறு நல்ல இடம் இருக்கிறது’ என்று அரசியே சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார். வெளியூரில் இறந்தாலும் உடலை இங்கே கொண்டுவந்து புதைக்க வேண்டும் என்கிறார். ஒரு கல்வெட்டின் சிதைந்த பகுதியில், நான்காம் ஆண்டில் காதில் விழுந்த தீய பேச்சைப் பற்றிய குமுறல் வருகிறது. தீப்ஸில் ஏதோ கசப்பு முற்றியிருக்கிறது என்று பலர் இதிலிருந்து ஊகிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நகரம் சில ஆண்டுகளிலேயே எழுந்தது. மக்கள்தொகை 20,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெரிய ஆதென் கோயிலில் திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான படையல் மேடைகள், வெயிலில் வரிசை வரிசையாக.

தெய்வத்தின் உலா மட்டும் இல்லை. தூக்கிச் செல்லத் திருமேனியே இல்லாத கடவுள் அல்லவா? அந்த இடத்தில் வந்தது மன்னரின் தேர். அரசரும் அரசியும் அரச வீதியில் தேரில் போவதும், பக்கத்தில் காவலர்கள் குனிந்தபடி ஓடுவதும் அமர்னாவின் பிரமுகர் கல்லறைச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மக்கள் தெருவில் நின்று கும்பிட ஏதோ ஒன்று இருந்தது, ஆனால் அது குறை கேட்கும் தெய்வம் அல்ல.

உளி

ஆட்சியின் பிற்பகுதியில் கொள்கை இன்னும் இறுகியது. நாடெங்கும் ஆட்களை அனுப்பி ஆமுன் பெயரைச் செதுக்கி எடுக்கச் செய்தார்கள். கோயில் சுவர், சிலை, கல்லறை, கர்னக்கில் வானளாவ நின்ற, முன்பு ஆண்ட பெண் மன்னர் ஹத்செப்சுத்தின் ஒற்றைக்கல் தூண் என்று எதுவும் தப்பவில்லை. ஆமுனின் துணைவி முத் பெயரும் போனது. சில இடங்களில் ‘தெய்வங்கள்’ என்ற பன்மைச் சொல்லையே அழித்தார்கள்.

இதில் என்னை மிகவும் உலுக்குவது இரண்டு விஷயங்கள். ஒன்று, மன்னரின் சொந்தத் தந்தையின் பெயர். ஆமென்ஹோதெப் என்ற பெயருக்குள் ஆமுன் இருந்ததால் அதிலும் உளி இறங்கியது. எகிப்தில் பெயர் என்பது ஆளின் ஒரு பகுதி; பெயரை அழித்தால் இறந்தவரின் மறுவாழ்வுக்கே ஆபத்து என்று நம்பிய மக்கள் அவர்கள்.

மற்றொன்று சிறு பொருள்கள். கண்மை டப்பா, வண்டுருவ முத்திரை போன்ற சொந்த உடைமைகளில்கூட ஆமுன் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. இவ்வளவு சின்னப் பொருளைத் தேடி அரசு ஆட்கள் வீடு வீடாக வந்திருப்பார்கள் என்று சொல்வது கடினம். உடைமைக்காரர்களே பயந்து சுரண்டியிருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த விளக்கம் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். மாலையில் வீட்டில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மை டப்பாவில் இருந்த தெய்வத்தின் பெயரைக் கத்தி முனையால் ஒருவர் சுரண்டுகிறார் என்றால், கொள்கை எவ்வளவு தூரம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பாருங்கள்.

ஏன் இப்படி முடிவெடுத்தார்

பழைய விளக்கம் அரசியல்: ஆமுன் பூசகர்களின் செல்வமும் செல்வாக்கும் அரசைத் தாண்டி வளர்ந்துவிட்டன, அதை ஒடுக்க மன்னர் கடவுளை மாற்றினார் என்பது. இதில் உண்மை இருக்கிறது. கோயில் வருமானம் அரண்மனைப் பக்கம் திரும்பியது உண்மையே.

ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. பூசகர்களை அடக்கத் தந்தையின் பெயரைச் சிதைக்கத் தேவையில்லை. ஆதெனின் அதிகாரப்பூர்வப் பெயரிலிருந்து ஹோரஸ், ஷு போன்ற பழைய தெய்வங்களின் சாயலைப் பிற்பகுதியில் நீக்கத் தேவையில்லை. இவையெல்லாம் நம்பிக்கை உள்ள ஒருவர் செய்யும் வேலைகள். பின்னாளில் மன்னராகப் போகும் ஆய் என்ற அதிகாரியின் அமர்னாக் கல்லறையில் ஆதெனைப் போற்றும் நீண்ட துதி இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சுக் கொடுப்பவனே என்கிறது. மனிதரின் மொழியும் தோல் நிறமும் வேறு வேறாக இருப்பது உன் செயல் என்கிறது. அயல்நாடுகளுக்கு மழையை, வானத்தில் ஓடும் ஒரு நைல் ஆறு என்கிறது. எகிப்தியர் அல்லாதவர்களையும் ஒரே கடவுளின் பிள்ளைகளாகப் பார்க்கும் அந்த மனதை நான் மதிக்கிறேன்.

அதே துதியில் இன்னொரு வரி உண்டு: உன் மகனான மன்னனைத் தவிர உன்னை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கடவுள் எல்லோருக்கும் பொது, ஆனால் அவரிடம் போக ஒரே வாசல், அந்த வாசல் ஒரு மனிதர். கதிர்களின் கைகள் யார் மூக்கருகே மட்டும் நீண்டன என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் துதியில் இரவு வந்தால் உலகம் செத்ததுபோல் கிடக்கிறது. சிங்கம் குகையை விட்டு வெளியே வருகிறது, பாம்பு கடிக்கிறது, அவ்வளவுதான். பழைய மதத்தில் இரவு காலியானது அல்ல. சூரியனே பாதாளம் வழியாகப் போய், அங்கே ஒசிரிஸோடு இணைந்து, இறந்தவர்களுக்கும் ஒளி கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பயணம் ரத்தானபோது மரணத்துக்கு இருந்த துணையும் போய்விட்டது.

வீட்டுக்குள் கண்டது

நகரின் கிழக்கே, பாலையின் நடுவில், கல்லறை வெட்டும் தொழிலாளர்களுக்காகச் சுற்றுச்சுவர் வைத்த ஒரு குடியிருப்பு இருந்தது. ஒரே அளவில் 70 வீடுகள் அளவுக்கு. மன்னரின் சொந்த நகரம், அவர் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள். அந்த வீட்டுச் சுவர்களில் ஆடும் பெஸ் உருவங்களும் தவெரெத்தும் தீட்டப்பட்டிருந்தன.

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். பெஸ், தவெரெத், ஹோரஸின் கண் ஆகியவற்றைத் தாயத்தாக வார்க்கும் களிமண் அச்சுகள் கிடைத்துள்ளன. அதாவது அங்கேயே செய்து, அங்கேயே வாங்கியிருக்கிறார்கள். வசதியானவர்கள் வீட்டுத் தோட்டத்தில் அரச குடும்பத்தின் படம் செதுக்கிய கல்லை வைத்து வணங்கினார்கள். பிரசவ வலி வந்தபோது பெண்கள் கழுத்தில் பழைய தாயத்தே இருந்தது. இதை எதிர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை உயிரோடு பிறக்க வேண்டும் என்ற கவலைக்குப் புதிய மதம் பதில் எதுவும் தரவில்லை, அவர்கள் தெரிந்த பதிலை வைத்துக்கொண்டார்கள்.

குழிகள்

இனி அந்தச் சிறு கற்களுக்கு வருவோம். அமர்னாவின் சாதாரண மக்களைப் புதைத்த இடங்கள் 2000க்குப் பிறகுதான் தோண்டப்பட்டன. தெற்குப் பிரமுகர் கல்லறைகள் அருகே 2006 முதல் 2013 வரை நடந்த அகழாய்வில் 400க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவர்களுக்குச் சவப்பெட்டி இல்லை. குச்சிகளால் பின்னிய பாயில் சுருட்டி மணலில் வைத்திருக்கிறார்கள். ஆதென் வழிபாட்டின் அடையாளம் அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. பலர் இளம் வயதிலேயே இறந்திருக்கிறார்கள். முதுகெலும்பு நசுங்கியது, மூட்டுத் தேய்மானம், குழந்தைகளிடம் சத்துக்குறைவின் தழும்புகள். சில ஆண்களின் தோள்பட்டை எலும்பில் கூர்முனை இறங்கிய காயம் இருக்கிறது. அது தண்டனையின் தடயம் என்று கருதப்படுகிறது.

வடக்குப் பக்க இடுகாடு இதைவிடக் கொடியது. 2015இல் அங்கே எடுக்கப்பட்ட 105 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் 7 முதல் 25 வயதுக்குள். அதிலும் பெரும்பகுதி 15 வயதுக்குக் கீழ். சாதாரணமாக ஓர் ஊரில் அதிகம் இறப்பவர்கள் கைக்குழந்தைகளும் முதியவர்களும். 7 முதல் 15 வயது என்பது உடல் மிகவும் தாக்குப்பிடிக்கும் பருவம். அந்தப் பருவத்துப் பிள்ளைகளின் முதுகில் சுமைக் காயங்கள். பலரை ஒரே குழியில் இரண்டு மூன்று பேராகப் போட்டிருக்கிறார்கள். அருகே கல் குவாரிகள் உள்ளன. குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட சிறுவர் தொழிலாளர் பட்டாளமாக இருக்கலாம் என்பது அகழாய்வாளர்களின் கருத்து.

இதற்கு நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மன்னர்களும் மக்களை வேலை வாங்கினார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வெற்றுப் பாலையில், சில ஆண்டுகளுக்குள், ஒரு நகரம் முழுவதையும் என்று எடுத்த முடிவின் எடை இந்த முதுகுகளில்தான் தெரிகிறது.

அதன் பிறகு

16ஆம் ஆண்டில் நெஃபர்டிட்டி இன்னும் பட்டத்தரசியாக இருந்ததற்கு ஒரு குவாரிக் கிறுக்கல் சான்று. 17ஆம் ஆண்டோடு அகெனாதென் முடிந்தார். இடையில் குறுகிய கால ஆட்சியாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான நெஃபர்நெஃபெருவாதெனின் மூன்றாம் ஆண்டில், தீப்ஸில் ஒரு கல்லறைச் சுவரில் ஒரு கோயில் எழுத்தருக்காக அவருடைய சகோதரர் மையால் எழுதிய வேண்டுதல் இன்றும் இருக்கிறது. அது ஆமுனிடம் பேசுகிறது. எங்களிடம் திரும்பி வா, நீ கொடுத்த இருளை நான் பார்த்துவிட்டேன், உன்னைக் காண எனக்கு ஒளி கொடு என்று கேட்கிறது. சூரியனைக் கடவுளாக்கிய ஆட்சி முடியும் நேரத்தில் ஒருவர் இருட்டு என்றும் ஒளி என்றும் எழுதியதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் எட்டு ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்த துத்தன்காதென், துத்தன்காமுன் ஆனார். அகெதாதென் கைவிடப்பட்டது. கர்னக்கில் நாட்டிய கல்வெட்டில், தெற்கு எல்லையில் உள்ள எலிஃபன்டைன் தீவு முதல் வடக்குச் சதுப்பு வரை கோயில்கள் பாழாகிப் புல் முளைத்துக் கிடந்தன, தெய்வங்கள் நாட்டைக் கைவிட்டன, படை அனுப்பினால் வெற்றி இல்லை, வேண்டினால் தெய்வம் வரவில்லை என்று எழுதினார்கள். அரசு விளம்பரம் என்று எடுத்துக்கொண்டாலும், வேண்டினால் வரவில்லை என்ற வரி மக்களுக்குப் புரியும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பின்னால் மன்னரான ஹோரெம்ஹெப் கர்னக்கின் ஆதென் கோயில்களைப் பிரித்து, அந்தக் கற்களையே தன் கோபுரங்களுக்குள் நிரப்பினார். அமர்னாவின் கற்கள் ஆற்றுக்கு அக்கரையில் ஹெர்மோபோலிஸ் நகருக்குப் போயின. முதலாம் சேத்தி அபிதோஸில் செதுக்கிய அரசர் பட்டியலில் அகெனாதென் இல்லை. இரண்டாம் ராம்செஸ் காலத்தில் ஒரு குடும்பம் நிலத் தகராறில் வழக்காடியது. சொத்தின் வரலாற்றைச் சொல்ல அந்த ஆட்சிக் காலத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டிய கட்டம் வந்தது. ஆவணம் ‘அகெதாதெனின் அந்த எதிரி’ என்று எழுதிவிட்டு நகர்ந்தது. பிறர் பெயரை அழித்தவரின் பெயரைச் சொல்லவே ஆள் இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் தங்கியது. அடுத்த நூற்றாண்டுகளில் தனி மனிதர் ஆமுனிடம் நேராகப் பேசும் வேண்டுதல்கள் பெருகின. ஏழைகளின் குரல் கேட்பவர் என்று அவரை அழைத்தார்கள். வாசல் அடைபட்ட காலத்தை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் தெய்வத்தை இன்னும் பக்கத்தில் வேண்டினார்கள் என்று இதை நான் படிக்கிறேன்.

என்ன மாறியிருக்க வேண்டும்

மன்னர் தரப்பில் என்றால், முதலில் உலா. ஆதெனுக்குத் திருமேனி வேண்டாம் என்பது கொள்கை, சரி. ஆனால் மக்கள் தங்கள் குறையைக் கொண்டுவந்து வைக்க ஒரு நாள், ஓர் இடம், ஒரு சடங்கு தேவைப்பட்டது. அதை எடுத்துவிட்டு மாற்று எதுவும் தரவில்லை. இரண்டாவது, இறந்தவர்கள். ஒசிரிஸை நீக்கியபின், இறந்தவர் காலையில் சூரியனோடு எழுந்து கோயில் படையலுக்கு வருவார் என்பதற்கு மேல் அந்த மதம் ஒன்றும் வளர்க்கவில்லை. பாயில் சுருட்டிய பிள்ளைக்கு அதில் இடம் எங்கே? மூன்றாவது, வேகம். நகரம் 30 ஆண்டுகளில் எழுந்திருந்தால் சூரியன் எழாமல் போயிருக்காது.

நம் தரப்பிலும் ஒன்று மாற வேண்டும். 1891-92இல் தொல்லியலாளர் பெட்ரி அமர்னாவில் தோண்டினார். 1912 டிசம்பரில் ஜெர்மன் தொல்லியலாளர் போர்ஹார்ட்டின் குழு சிற்பியின் பட்டறையிலிருந்து நெஃபர்டிட்டி சிலையை எடுத்தது. துதியும் சிலையும் கையில் கிடைத்ததால், நூறாண்டுக்கும் மேல் இந்த நிகழ்வை அழகின் கதையாகவே எழுதினோம். தொழிலாளர்களின் குழிகள் அதே மணலில், அந்தப் பட்டறையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருந்தன. இனி அகெனாதெனைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது துதியின் குஞ்சுக்கும் முட்டைக்கும் பக்கத்திலேயே அந்த 105 பேரையும் வைத்துச் சொல்கிறேன். அவர்களில் பலருக்கும் அந்தப் பிள்ளைகளின் வயதுதான்.